சாட்சியின் சொல்லும் உலகின் அறமும்

நுழையும்முன்

போர் ஒரு நாட்டின் வீடுகளையும் பாலங்களையும் மட்டும் இடிப்பதில்லை. நீதி வழங்கும் அமைப்புகளையும் சிதைத்துவிடுகிறது. காவலர், வழக்கறிஞர், நீதிபதி என அனைவரும் சிதறிப்போன நாட்டில் பாதிக்கப்பட்டவர் யாரிடம் சென்று முறையிடுவார்? அத்தகைய நாட்டிற்கு உலக நாடுகள் ஒன்றுகூடி நீதியின் துணையை அளிக்க முடியுமா? அத்துணை எப்போது பயன்தரும்? ருவாண்டா என்னும் ஆப்பிரிக்க நாட்டின் பட்டறிவு இவ்வினாக்களுக்கு விடைதேட உதவுகிறது.

ஆயிரம் குன்றுகளின் நாடு

ஆப்பிரிக்கக் கண்டத்தின் நடுப்பகுதியில், கடற்கரை இல்லாத சிறிய நாடு ருவாண்டா. பரப்பளவில் கேரளத்தைவிடச் சிறியது. எங்கு நோக்கினும் குன்றுகள் தென்படுவதால் 'ஆயிரம் குன்றுகளின் நாடு' என அதனை அழைப்பர். அங்கு ஹூட்டு, டுட்சி, துவா என்னும் மூன்று பிரிவினர் வாழ்கின்றனர். ஹூட்டுகள் பெரும்பான்மையர், டுட்சிகள் சிறுபான்மையர், துவா மக்கள் மிகச் சிலர். மூவரும் பேசுவது கின்யருவாண்டா என்னும் ஒரே மொழி. ஒரே குன்றில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். தமக்குள் மணவுறவும் கொண்டிருந்தனர்.

முதல் உலகப்போருக்குப் பின்னர் அந்நாடு பெல்ஜியத்தின் ஆளுகைக்குள் வந்தது. 1930களில் பெல்ஜிய ஆட்சியாளர்கள் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை வழங்கி, அதில் அவர் எப்பிரிவினர் என்பதைப் பதிந்தனர். அதுவரை ஓரளவு நெகிழ்வாக இருந்த வேறுபாடு அவ்வட்டையால் மாறாத பிறப்படையாளமாக இறுகியது. கல்வியிலும் பதவியிலும் டுட்சிகளுக்கு முதன்மை தந்த அதே ஆட்சி, விடுதலைக்குச் சற்றுமுன் ஹூட்டுத் தலைவர்களின் பக்கம் சாய்ந்தது. 1959இல் வன்முறை வெடித்தது. டுட்சிகள் பல்லாயிரவர் அண்டை நாடுகளில் அடைக்கலம் புகுந்தனர். 1962இல் நாடு விடுதலை பெற்றது; பகை தீரவில்லை.

உகாண்டாவில் வளர்ந்த ஏதிலியரின் பிள்ளைகள் ருவாண்டா தேசபக்த முன்னணி என்னும் படையை அமைத்து 1990இல் நாட்டிற்குள் நுழைந்தனர். உள்நாட்டுப் போர் மூண்டது. 1993 ஆகஸ்டில் தான்சானியாவின் அருசா நகரில் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. அதனைச் செயற்படுத்தத் துணைநிற்க ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிகாப்புப் படை வந்தது. ஆனால், உடன்பாட்டை விரும்பாத கடும்போக்காளர்கள் இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சி அளித்தனர். ஆர்.டி.எல்.எம். என்னும் வானொலி டுட்சிகளைக் 'கரப்பான் பூச்சிகள்' என இழித்துரைத்தது.

நூறு நாள்கள்

1994 ஏப்ரல் 6ஆம் நாள் இரவு, குடியரசுத் தலைவர் ஹபியரிமானா வந்த வானூர்தி தலைநகர் கிகாலிக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. அன்றிரவே கொலைகள் தொடங்கின. மறுநாள் ஹூட்டு இனத்தவரும் அமைதியை விரும்பியவருமான பிரதமர் அகாத்தே உவிலிங்கியிமானா கொல்லப்பட்டார். அவரைக் காக்கச் சென்ற பெல்ஜிய வீரர் பதின்மரும் கொல்லப்பட்டனர். சாலைதோறும் தடுப்புகள் அமைக்கப்பட்டன. அங்கு நின்றவர்கள் கேட்டது அடையாள அட்டையைத்தான். நிருவாகத்திற்கென அச்சிட்ட ஒரு சொல், உயிரைப் பறிக்கும் ஆணையாயிற்று. ஏறத்தாழ 100 நாள்களில் 8 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் மிகப்பெரும்பாலோர் டுட்சிகள். கொலைகளை எதிர்த்த ஹூட்டுகளும் அவர்களுள் அடங்குவர்.

உலகம் இதனை அறியாதிருந்தது என்று சொல்ல இயலாது. அமைதிகாப்புப் படையின் தளபதி ரோமியோ டாலேர், ஆயுதங்கள் பதுக்கப்படுவதை 1994 சனவரியிலேயே நியூயார்க்கிலுள்ள தலைமையகத்திற்குத் தெரிவித்தார். அவற்றைக் கைப்பற்ற அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. கிகாலியிலிருந்த தொழில்நுட்பப் பள்ளி ஒன்றில் பெல்ஜிய வீரர்களின் பாதுகாப்பை நம்பி ஏறத்தாழ 2000 பேர் தங்கியிருந்தனர். ஏப்ரல் 11ஆம் நாள் வீரர்கள் வெளியேறினர். அடைக்கலம் புகுந்தோருள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். ஏப்ரல் 21ஆம் நாள், சுமார் 2500 பேர் கொண்டிருந்த படையை 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்பு அவை முடிவுசெய்தது. காக்க வேண்டிய நேரத்தில் உலகம் விலகிநின்றது. ஐ.நா. அவை அமைத்த தனிக்குழுவே 1999இல் இத்தவற்றை வெளிப்படையாகச் சுட்டியது.

தாமதமாக வந்த துணை

1994 சூலையில் தேசபக்த முன்னணி ஆட்சியைக் கைப்பற்றியதும் படுகொலை நின்றது. நீதிமன்றக் கட்டடங்கள் பாழடைந்து கிடந்தன. நீதிபதிகளுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டிருந்தனர் அல்லது நாட்டைவிட்டு ஓடியிருந்தனர். கொலைகளைத் திட்டமிட்ட தலைவர்கள் பலர் வெளிநாடுகளில் வாழ்ந்தனர். அவர்களைப் பிடித்துவரும் ஆற்றல் சிதைந்துபோன அந்நாட்டிற்கு இல்லை.

இந்நிலையில் 1994 நவம்பர் 8ஆம் நாள், ருவாண்டாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயத்தைப் பாதுகாப்பு அவை உருவாக்கியது. அமைதி உடன்பாடு கையெழுத்தான அருசா நகரே அதன் இருப்பிடமாயிற்று. இத்தீர்ப்பாயம் வேண்டுமெனக் கேட்ட ருவாண்டாவே இறுதி வாக்கெடுப்பில் எதிர்த்து வாக்களித்தது என்பது குறிப்பிடத்தக்கது. மரண தண்டனை இல்லாமையும், 1994ஆம் ஆண்டில் நிகழ்ந்த குற்றங்களை மட்டுமே விசாரிக்கும் வரம்பும் அதன் எதிர்ப்பிற்கான காரணங்களுள் சில. துணைசெய்ய வருவோரின் நீதியும், துன்புற்றோர் எதிர்பார்க்கும் நீதியும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்விடைவெளி இறுதிவரை தொடர்ந்தது.

எனினும், தனியொரு நாட்டால் இயலாத ஒன்றைத் தீர்ப்பாயம் செய்தது. அதன் ஆணையை ஏற்றுச் சாம்பியா, கென்யா, கேமரூன் முதலிய நாடுகள் தம் மண்ணிலிருந்த குற்றஞ்சாட்டப்பட்டோரைப் பிடித்து ஒப்படைத்தன. படுகொலைக் காலத்தில் பிரதமராக இருந்த ழான் கம்பாண்டா கென்யாவில் கைதானார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; 1998 செப்டம்பரில் வாழ்நாள் சிறைத்தண்டனை பெற்றார். இனப்படுகொலைக்காகப் பன்னாட்டுத் தீர்ப்பாயம் ஒன்றில் தண்டனை பெற்ற முதல் அரசுத்தலைவர் அவரே. ஆட்சிப் பதவி குற்றத்திற்குக் கவசமாகாது என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

|தெரிந்து தெளிவோம்|
போலந்து நாட்டுச் சட்ட அறிஞர் ரபேல் லெம்கின் 1944இல் இனப்படுகொலையைக் குறிக்கும் தனிச்சொல்லை உருவாக்கினார். 1948 டிசம்பர் 9ஆம் நாள் ஐ.நா. பொது அவை இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஏற்றது. ஒரு தேசிய, இன, மரபின, சமயக் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் செயல்களையே அவ்வுடன்படிக்கை இனப்படுகொலை என வரையறுக்கிறது.

டர்பனிலிருந்து அருசாவிற்கு

தீர்ப்பாயத்தின் நீதிபதிகளுள் ஒருவர் நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 1941இல் தமிழ் மரபில் வந்த குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பேருந்து ஓட்டுநர். அங்கு வாழ்ந்த இந்திய மக்கள் திரட்டித் தந்த நிதி அவருடைய உயர்கல்விக்குத் துணைபுரிந்தது. நிறவெறி ஆட்சி நிலவிய காலத்தில், 1967இல் நேட்டால் மாநிலத்தில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் தொடங்கிய வெள்ளையரல்லாத முதல் பெண் அவரே. நெல்சன் மண்டேலா அடைக்கப்பட்டிருந்த ராபன் தீவுச் சிறையின் அரசியல் கைதிகள் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை 1973இல் வாதாடிப் பெற்றுத் தந்தார். நீதிமன்றம் எளியோரின் குரலுக்குச் செவிசாய்க்க மறுத்தால் என்ன நேரும் என்பதைத் தம் நாட்டிலேயே கண்டவர் அவர். 1995இல் ருவாண்டா தீர்ப்பாயத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொடக்கத்தில் அதன் நீதிபதிகளுள் அவர் ஒருவரே பெண்.

குற்றப்பத்திரிகையில் இல்லாத கொடுமை

தீர்ப்பாயம் விசாரித்த வழக்குகளுள் முதன்மையானது ழான் பால் அகாயேசு என்பவர் மீதான வழக்கு. ஆசிரியராகப் பணியாற்றிய அவர், படுகொலைக் காலத்தில் தாபா என்னும் வட்டாரத்தின் தலைவராக இருந்தார். 1997 சனவரியில் விசாரணை தொடங்கியபோது கொலை, சித்திரவதை முதலிய குற்றங்களே குற்றப்பத்திரிகையில் இருந்தன. பெண்கள் அடைந்த பாலியல் கொடுமை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

கொலைகளைப் பற்றிச் சாட்சியம் அளிக்க வந்த பெண்ணொருவர், தம் சிறுமகளுக்கு இழைக்கப்பட்ட வன்கொடுமையையும் குறிப்பிட்டார். நீதிபதிகள் அதனைக் கடந்துசெல்லவில்லை, மேலும் வினவினர். பின்னர் வந்த மற்றொரு பெண்ணும் தமக்கும் பிறருக்கும் நேர்ந்ததை எடுத்துரைத்தார். வட்டார அலுவலக வளாகத்தில் அடைக்கலம் புகுந்த பெண்கள் அங்கேயே சிதைக்கப்பட்டது வெளிப்பட்டது. மகளிர் உரிமை அமைப்புகளும் இக்குற்றங்களை வழக்கில் சேர்க்க வேண்டுமென மனு அளித்தன. 1997 சூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. அதன்பின் பாதிக்கப்பட்ட பெண்கள் நெடுந்தொலைவு பயணம் செய்து வந்து, குற்றஞ்சாட்டப்பட்டவர் அமர்ந்திருந்த அதே மன்றில் சாட்சியம் அளித்தனர்.

1998 செப்டம்பர் 2ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. 1948 உடன்படிக்கையின் அடிப்படையில் பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று இனப்படுகொலைக்காக அளித்த முதல் தீர்ப்பு அது. உடன்படிக்கைக்கும் அதன் முதல் தீர்ப்புக்கும் இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்திருந்தது. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையே எனத் தீர்ப்பாயம் உரைத்தது. போர்க்காலத்தில் பெண்கள் மீது இழைக்கப்படும் கொடுமை போரின் தவிர்க்கவியலாத விளைவு எனக் கருதப்பட்ட நெடுங்காலப் பிழை அன்று திருத்தப்பட்டது.

அத்தீர்ப்பில் அறியத்தக்க மற்றொரு கூறும் உண்டு. ஏப்ரல் 18ஆம் நாள் வரை அகாயேசு கொலைகளைத் தடுக்க முயன்றார் என்பதையும், அதன் பின்னரே அவர் மாறினார் என்பதையும் நீதிபதிகள் பதிவுசெய்தனர். 15 குற்றச்சாட்டுகளுள் 9இல் மட்டுமே அவரைக் குற்றவாளி எனக் கண்டனர். மெய்ப்பிக்கப்படாத ஆறிலிருந்து விடுவித்தனர். வெற்றி பெற்றவர் தோற்றவரைப் பழிவாங்குவதற்கும் நீதி வழங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. அவருக்கு வாழ்நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மொழியும் நீதியும்

ருவாண்டா மக்கள் பேசியது கின்யருவாண்டா. நீதிபதிகள் கேட்டது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். இடையில் நின்றவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். சாட்சிகள் மானம் கருதி நேரடிச் சொற்களைத் தவிர்த்து, குறிப்பாக உணர்த்தும் சொற்களால் பேசினர். அகராதிப் பொருளை மட்டும் நோக்கினால் அவர்கள் உரைத்த கொடுமை மறைந்துவிடும். எனவே, மொழியியல் அறிஞர் ஒருவரை வரவழைத்து, சொற்கள் எச்சூழலில் எப்பொருளில் வழங்கின என்பதைத் தீர்ப்பாயம் கேட்டறிந்தது. 'இன்யென்சி' என்பதன் நேர்ப்பொருள் கரப்பான் பூச்சி. ஆனால், 1994இல் கும்பலின் நடுவே ஒருவரைச் சுட்டி அச்சொல்லைக் கூறியபோது அது கொலைக்கான குறியாயிற்று. மக்களின் மொழியை அறியாத நீதிமன்றம் மக்களின் துயரையும் அறிய இயலாது.

சாட்சியைக் காத்தல்

ஆராய்ச்சி மணியைக் கட்டிவைத்தால் மட்டும் போதாது. அதனை அசைக்க வருபவர் அஞ்சாமல் வந்து திரும்பவும் வேண்டும். சாட்சிகள் பலர் கொலையாளிகளின் உறவினர் வாழ்ந்த ஊர்களுக்கே திரும்பிச் செல்ல வேண்டியிருந்தது. ஆதலால், அவர்களின் பெயர்கள் மறைக்கப்பட்டு, எழுத்துகளே அடையாளக் குறிகளாக வழங்கப்பட்டன. பொதுமக்கள் காணாதவாறு திரை அமைக்கப்பட்டது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் சாட்சியத்தை ஏற்க வேறொரு சான்று துணைநிற்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை எனத் தீர்ப்பாயத்தின் நடைமுறை விதி கூறியது. இத்தகைய ஏற்பாடுகளால், தீர்ப்பாயத்தின் காலம் முழுவதிலும் 3000க்கும் மேற்பட்ட சாட்சிகள் முன்வந்தனர்.

சொல்லும் ஆயுதமாகும்போது

வெறுப்பைப் பரப்பிய வானொலியை நிறுவியோர் இருவரும், 'கங்குரா' என்னும் இதழின் ஆசிரியரும் மற்றொரு வழக்கில் விசாரிக்கப்பட்டனர். அதற்குத் தலைமை ஏற்றவர் நவநீதம் பிள்ளை. 2003 டிசம்பர் 3ஆம் நாள் மூவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. 2007இல் மேல்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் நீக்கப்பட்டுத் தண்டனைகள் குறைக்கப்பட்டன. ஆயினும், கருத்துரிமை என்னும் பெயரால் இனக்கொலைக்குத் தூண்டுதல் சட்டத்தின் பிடியிலிருந்து தப்ப இயலாது என்னும் நெறி நிலைத்தது. கையில் ஆயுதம் ஏந்தாதவரும் நாவினாலும் எழுதுகோலாலும் கொலைக்குப் பொறுப்பாவர்.

புல்வெளியில் கூடிய நீதி

அருசாவில் விசாரிக்கப்பட்டோர் தலைவர்கள் மட்டுமே. ஊர்களில் கொலைசெய்தோரும் கொள்ளையிட்டோரும் எண்ணற்றோர். ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ருவாண்டாவின் சிறைகளில் விசாரணைக்காகக் காத்துக் கிடந்தனர். வழக்கமான நீதிமன்றங்களில் விசாரித்தால் ஒரு தலைமுறைக்குள் முடியாது என்பதை உணர்ந்த அரசு, 'ககாசா' என்னும் பழைய ஊர்மன்ற முறையைச் சட்டத்தின்வழிப் புதுப்பித்தது. ககாசா என்பது அம்மொழியில் புல்லைக் குறிக்கும். ஊர்மக்கள் புல்வெளியில் கூடி, தாம் தேர்ந்தெடுத்த நடுவர்களின் முன்னிலையில் நடந்ததை உரைத்தனர். ஏறத்தாழ 12,000 மன்றங்கள் 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட வழக்குகளை விசாரித்து, 2012 சூனில் பணியை நிறைவுசெய்தன.

குற்றத்தை ஒப்புக்கொண்டோர்க்குத் தண்டனை குறைந்தது. தம் உறவினரின் உடல் எங்குப் புதைக்கப்பட்டது என்பதைப் பலர் அம்மன்றங்களிலேயே அறிந்தனர். மறுபுறம், குற்றஞ்சாட்டப்பட்டோருக்கு வழக்கறிஞரின் துணை இல்லாமையும், பகைமையால் எழுந்த பொய்க் குற்றச்சாட்டுகளும் இம்முறையின் குறைகளாகச் சுட்டப்பட்டன.

நிறையும் குறையும்

பன்னாட்டுத் தீர்ப்பாயம் 93 பேர்மீது குற்றஞ்சாட்டியது. 60க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றனர். 14 பேர் விடுவிக்கப்பட்டனர். 2015 டிசம்பர் 31ஆம் நாள் அது மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற பயன்கள் பல. நடந்தது இனப்படுகொலை என்பதை மறுக்கவியலாத சான்றுகளுடன் அது நிறுவியது. தீர்ப்பாயத்தின் வழக்குகளைத் தன் நாட்டிற்கு மாற்றிப்பெறும் முயற்சியின் ஊடாக, 2007இல் ருவாண்டா மரண தண்டனையை ஒழித்தது. 2002 சூலை 1 முதல் செயற்பட்டுவரும் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்திற்கும் அருசாவின் தீர்ப்புகள் வழிகாட்டின.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. விசாரணைகள் பல ஆண்டுகள் நீண்டன; பெரும்பொருள் செலவாயிற்று. ருவாண்டாவின் எளிய மக்களுக்கு அருசா எட்டாத தொலைவில் இருந்தது. தேசபக்த முன்னணியினர் செய்ததாகக் கூறப்பட்ட கொலைகளைத் தீர்ப்பாயம் விசாரிக்கவே இல்லை. வென்றோரின் குற்றம் தொடப்படாதபோது நடுநிலைமை குறைபடுகிறது. சிறையிலிருந்த குற்றஞ்சாட்டப்பட்டோருக்குக் கிடைத்த மருத்துவம், எச்.ஐ.வி. தொற்றுடன் வாடிய பெண் சாட்சிகளுக்குக் கிடைக்கவில்லை என்னும் மனக்குறையும் எழுந்தது. தண்டனை வழங்கிய தீர்ப்பாயத்தால் இழப்பீடு வழங்க இயலவில்லை. இப்படிப்பினையால் பின்வந்த பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டோருக்கென நிதியம் அமைக்கப்பட்டது.

நாம் கொள்ளத்தக்கது

ருவாண்டாவின் வரலாறு இரு உண்மைகளை உணர்த்துகிறது. நீதிமன்றம் காவலுக்கு மாற்றாகாது. 1994 ஏப்ரலில் உலகம் ஒரு பள்ளியின் வாயிலில் நின்று காத்திருந்தால், பின்னாளில் அருசாவில் பல சாட்சிகள் அழவேண்டிய தேவை நேர்ந்திராது. இது முதலாவது.

இரண்டாவது, காலந்தாழ்ந்து வந்த நீதியும் பயனற்றதன்று. ஆனால், அதற்கு உயிரூட்டியவை உடன்படிக்கைகளும் மாளிகைகளும் மட்டுமல்ல. குற்றப்பத்திரிகையில் இல்லாத ஒன்றைத் துணிந்து சொன்ன பெண்ணின் சொல்லும், அதனை நின்று கேட்ட நீதிபதிகளின் செவியும் சேர்ந்தே சட்டத்தை உண்மையாக்கின. அல்லலுறும் நாட்டிற்குப் பிற நாடுகள் பொருளும் படையும் அறிஞர்களையும் அனுப்பலாம். அவை அனைத்திற்கும் முன்னதாக அளிக்க வேண்டியது பாதிக்கப்பட்டவரின் சொல்லைக் கேட்கும் பொறுமை.

2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையராகவும் நவநீதம் பிள்ளை பணியாற்றினார். ஆண்டுதோறும் ஏப்ரல் 7ஆம் நாளை ருவாண்டா இனப்படுகொலையின் நினைவுநாளாக ஐ.நா. அவை கடைப்பிடிக்கிறது. இன்று ருவாண்டாவின் அடையாள அட்டையில் ஒருவரின் இனம் குறிக்கப்படுவதில்லை.

|கற்பவை கற்றபின்|

1. உங்கள் வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து, "மன்னிப்பா, தண்டனையா - போருக்குப்பின் ஒரு நாட்டிற்கு முதலில் தேவை எது?" என்னும் பொருளில் கலந்துரையாடுக.

2. ஒரு சொல் இடத்திற்கும் சூழலுக்கும் ஏற்ப வெவ்வேறு பொருள் தருவதற்குத் தமிழிலிருந்து ஐந்து எடுத்துக்காட்டுகளைத் திரட்டுக.

|மதிப்பீடு|

குறுவினா

1. ருவாண்டாவின் அடையாள அட்டை 1994இல் எவ்வாறு கேடாக முடிந்தது?

2. 'ககாசா' - குறிப்பு எழுதுக.

சிறுவினா

1. சாட்சிகளைக் காக்கத் தீர்ப்பாயம் மேற்கொண்ட ஏற்பாடுகளை விளக்குக.

2. அகாயேசு வழக்கின் தீர்ப்பு பழிவாங்கலிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

நெடுவினா

"மக்களின் மொழியை அறியாத நீதிமன்றம் மக்களின் துயரையும் அறிய இயலாது" - இக்கூற்றைப் பாடப்பகுதிவழி நிறுவுக.